சிவப்பா, கறுப்பா? ஒரு பழைய புகைப்படமும் ஜேர்மன் போர் விமானங்களின் இலக்கங்களும்

ஜேர்மனியில் வாழும் என் மகளின் மகன், ஞாயிற்றுக்கிழமைகளிற் கூடும் பழைய பொருட் சந்தையொன்றில் ஒரு புகைப்படத்தை வாங்கினான். உள்ளங்கையளவான கறுப்பு வெள்ளைப் படம். வயலொன்றில் வயிறு தரையிற்பட விழுந்து கிடக்கும் ஒரு மெஸர்ஷ்மிட் 109 போர் விமானம். உந்துவிசிறியின் அலகுகள் பின்னோக்கி வளைந்திருக்கின்றன. விமானியின் இருக்கைக்குப் பின்னால், உடற்பகுதியில், 7 என்ற இலக்கம் பெரிதாக எழுதப்பட்டுள்ளது. இருண்ட இலக்கம், சுற்றிலும் மெல்லிய வெள்ளைக் கரை. படத்தின் பின்புறத்தில் இடமோ திகதியோ பெயரோ எதுவும் இல்லை.

அதை மின்னஞ்சலில் எனக்கு அனுப்பிவிட்டு, அன்றிரவே தொலைபேசியில் அழைத்தான். "அம்மப்பா, இந்த ஏழு சிவப்போ, கறுப்போ? கணினியிலை நிறம் போட்டுப் பார்த்தன், சிவப்பெண்டு காட்டுது. விமான மாதிரி செய்யிற என்ரை சிநேகிதன் கறுப்பெண்டு சொல்லுறான்" என்றான்.

எண்பது ஆண்டுகளுக்கு முன்னர் விழுந்த ஒரு விமானத்தின் இலக்கம் எந்த நிறமாயிருந்தால் என்ன என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால், அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. சிவப்பையும் கறுப்பையும் புகைப்படத்திற் பிரித்தறியாமல் நானே ஒருமுறை வகையாக மாட்டிக்கொண்டவன்.

நான் உதவியாசிரியனாகப் பணிபுரிந்த தொடக்க காலம். தொழிற்சங்க ஊர்வலமொன்றின் படம் இரவு நெடுநேரம் கழித்து மேசைக்கு வந்தது. படம்பிடித்தவர் வீட்டுக்குப் போய்விட்டார். ஊர்வலத்தில் ஏந்தப்பட்ட கொடிகள் படத்திற் கருமையாகத் தெரிந்தன. 'கறுப்புக் கொடிகளுடன் தொழிலாளர் ஊர்வலம்' என்று படவிளக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை சங்கத்தார் நால்வர் அலுவலகப் படியேறி வந்தனர். அவர்கள் ஏந்தியவை செங்கொடிகள். "தம்பி, நாங்கள் செத்தவீடு கொண்டாடப் போகேல்லை" என்று அவர்களுள் மூத்தவர் சொன்னது இன்றும் என் காதில் ஒலிக்கிறது. இந்நாட்டில் கறுப்புக் கொடிக்கும் செங்கொடிக்கும் உள்ள தூரத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. திருத்தம் வெளியிட்டோம். பிழை என்னுடையது. படத்திற் கருமையாகத் தெரிந்ததை நிறம் என்று நம்பினேன்; ஒருவரையும் கேட்கவில்லை.

நீலப் பென்சில் சொல்லும் பாடம்

கறுப்பு வெள்ளைப் படம் நிறத்தைப் பதிவு செய்வதில்லை. ஒளியின் அளவையே பதிவு செய்கிறது. எந்த நிறத்தின் ஒளியை எவ்வளவு பதிவு செய்வது என்பதைத் தீர்மானிப்பது பிலிம் சுருளில் உள்ள இரசாயனம். எங்கள் கண் காண்பதும் பிலிம் காண்பதும் ஒன்றல்ல.

பத்திரிகை அலுவலகத்தில் இதை நாங்கள் ஒவ்வொரு நாளும் அறியாமலே கையாண்டோம். ஓப்செற் அச்சு வந்த காலத்தில், பக்கம் ஒட்டுபவர்கள் வெளிர்நீலப் பென்சிலாலேயே கோடு கீறுவார்கள். பக்கத்தைப் படம்பிடிக்கும்போது அந்தக் கோடுகள் பிலிமில் விழா. படம் வரவேண்டிய இடத்திலோ செந்நிறத் தாளை ஒட்டுவார்கள். அது பிலிமுக்குக் கறுப்பாகவே தெரியும். அந்தப் பிலிம் நீலத்தை வெள்ளையாகக் காணும். சிவப்பைக் காணவே மாட்டாது. இருட்டறையில் சிவப்பு விளக்கை எரியவிட்டு வேலை செய்ய முடிந்ததும் இதனாலேயே.

சிவப்பைக் காணாத இவ்வகைப் பிலிமை ஒர்த்தோகுரோமற்றிக் என்பர். எல்லா நிறங்களையும் ஓரளவு கண்ணைப்போலவே காண்பது பான்குரோமற்றிக். இரண்டாம் உலகப் போர்க் கால ஜேர்மனியில் இரண்டும் வழக்கிலிருந்தன. அக்ஃபா நிறுவனத்தின் ஐசோகுரோம் முதல்வகை; ஐசோபான் இரண்டாம் வகை. படைவீரர்கள் பலர் தத்தம் சொந்தக் கமராக்களாற் படம் பிடித்தனர். கிடைத்த சுருளைப் போட்டனர். எந்தப் படம் எந்தச் சுருளில் எடுக்கப்பட்டது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

விளைவு என்ன? ஒர்த்தோகுரோமற்றிக் பிலிமில் சிவப்பும் கறுப்பும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். மஞ்சள், நாம் எதிர்பார்ப்பதுபோல் வெளிறித் தெரியாமல், மங்கிய சாம்பல் நிறம் கொள்ளும். விமானத்தின் வயிற்றுப்புறத்து வெளிர்நீலம் வெள்ளையாகிவிடும். பான்குரோமற்றிக்கிலோ மஞ்சள் ஏறக்குறைய வெள்ளையாகவும் சிவப்பு நடுத்தரச் சாம்பலாகவும் தெரியும். இதனால், 1940 இல் பிரித்தானிய வான்போரிற் பறந்த மெஸர்ஷ்மிட்களின் புகழ்பெற்ற மஞ்சள் மூக்கு, ஒரு படத்தில் வெளிறியும் இன்னொரு படத்தில் இருண்டும் காணப்படுகிறது. விமானம் மாறவில்லை, பிலிம் மாறியது.

முதலாம் உலகப் போரிலும் இதே கதைதான். 1918 ஏப்ரல் 21 அன்று வீழ்ந்த மான்ஃபிரெட் ஃபொன் றிச்தோஃபென், 'செந்நிறப் பிரபு' என்று உலகறிந்தவர். அவரது செந்நிற விமானங்களை அக்காலப் படங்களிற் பார்த்தால் கருமையாகவே தெரியும். நம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோவில், றோயல் கனேடியன் மிலிற்றரி இன்ஸ்ரிரியூற்றில், அவர் இறுதியாகப் பறந்த விமானத்தின் சிலுவை தீட்டிய துணித்துண்டு பேணப்படுகிறது. கண்டவர் சாட்சியமும் இத்தகைய துணித்துண்டுகளும் இல்லாமல், படங்கள் மட்டுமே எஞ்சியிருந்தால், அவரை நாம் 'கருநிறப் பிரபு' என்றே அழைத்திருக்கவும் கூடும்.

நிறம் ஒரு முகவரி

ஜேர்மன் விமானப்படையான லுஃப்ட்வாஃபேயில் இலக்கத்தின் நிறம் அழகுக்காகத் தீட்டப்படவில்லை. அது ஒரு முகவரி.

போர் விமானப் படையின் பெரிய பிரிவு கெஷ்வாடர். அது பொதுவாக மூன்று குறுப்பேகளைக் கொண்டது. ஒவ்வொரு குறுப்பேயிலும் மூன்று ஸ்டாஃபல்கள். ஒரு ஸ்டாஃபலில் ஏறத்தாழப் பன்னிரண்டு விமானங்கள். ஒவ்வொரு ஸ்டாஃபலும் தன் விமானங்களுக்கு 1 முதல் இலக்கமிட்டது. ஆகவே ஒரே குறுப்பேயில் மூன்று 7 இலக்கங்கள் இருக்கும். அவற்றைப் பிரித்தறிவது நிறத்தால் மட்டுமே. குறுப்பேயின் முதல் ஸ்டாஃபலுக்கு வெள்ளை, இரண்டாவதற்குச் சிவப்பு, மூன்றாவதற்கு மஞ்சள். அதாவது 1, 4, 7 ஆம் ஸ்டாஃபல்கள் வெள்ளை. 2, 5, 8 சிவப்பு. 3, 6, 9 மஞ்சள். 1944 இல் குறுப்பேகளில் நான்காவது ஸ்டாஃபல் சேர்க்கப்பட்டபோது நீலமும் வழக்குக்கு வந்தது. எந்தக் குறுப்பே என்பதைச் சிலுவைக்குப் பின்னாலுள்ள குறி காட்டும். முதலாம் குறுப்பேக்குக் குறியில்லை, இரண்டாவதற்குக் கிடைக்கோடு, மூன்றாவதற்கு நிலைக்கோடு அல்லது அலைக்கோடு.

ஆபிரிக்கப் பாலைவனத்தில் 151 வெற்றிகள் பெற்றவராகக் கணக்கிடப்பட்டு, 1942 செப்டெம்பர் 30 அன்று இறந்த ஹன்ஸ் யோஆகிம் மார்ஸெய் 'மஞ்சள் 14' எனப் பெயர்பெற்றமை இவ்விதியாலேயே. அவர் 27 ஆம் கெஷ்வாடரின் 3 ஆம் ஸ்டாஃபலைச் சேர்ந்தவர்.

விதி தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால், எல்லாப் படைகளும் அதை ஒரேவிதமாகப் பின்பற்றவில்லை. இரண்டாவது ஸ்டாஃபலுக்குரிய சிவப்பின் இடத்தில் சில படைகள் கறுப்பைத் தீட்டின. பிலிம் பிரித்தறிய முடியாத அதே இரு நிறங்களுக்கிடையில் விதியும் நெகிழ்ந்து நின்றது. பேரனின் கேள்வி எவ்வளவு சரியான இடத்திற் குத்துகிறது என்பதை இப்போது வாசகர்கள் உணர்வார்கள்.

ஏன் அறிய வேண்டும்?

லுஃப்ட்வாஃபேயின் ஆவணங்களிற் பெரும்பகுதி 1945 இல், போரின் முடிவில், அழிக்கப்பட்டது. எஞ்சியவற்றுள் முக்கியமானவை இழப்புப் பட்டியல்கள். இழந்த விமானத்தின் வகை, தொழிற்சாலைத் தொடரிலக்கம், விமானியின் பெயர், இடம் ஆகியவற்றோடு பல பதிவுகளில் இலக்கமும் அதன் நிறமும் குறிக்கப்பட்டுள்ளன. 'கறுப்பு 7' என்ற பதிவுக்குரியவர் ஒருவர். 'சிவப்பு 7' என்ற பதிவுக்குரியவர் வேறொருவர். ஒருவர் உயிர் தப்பிச் சிறைப்பட்டிருக்கலாம். மற்றவர் திரும்பி வராமலே போயிருக்கலாம்.

இங்கிலாந்தின் ஸ்ராஃபோர்ட்ஷயரில் கனொக் சேஸ் என்னுமிடத்தில் ஜேர்மன் போர் மயானம் ஒன்றுண்டு. இரு உலகப் போர்களிலும் பிரித்தானிய மண்ணில் இறந்த சுமார் 5,000 ஜேர்மானியர் அங்கே புதைக்கப்பட்டுள்ளனர். பெயரறியாதவர்களின் கல்லறைகளும் அவற்றுள் அடங்கும். விழுந்த விமானமொன்றின் பழைய படத்தில் இலக்கத்தின் நிறம் சரியாக அறியப்பட்டால், அது இழப்புப் பட்டியலின் ஒரு வரியோடு பொருந்தலாம். அந்த வரி ஒரு பெயருக்கு இட்டுச் செல்லலாம். பிழையாக அறியப்பட்டால், வேறொருவரின் பெயர் ஒருவரது மரணத்தின்மேல் எழுதப்பட்டுவிடும். காணாமற்போனவர்களின் படங்களை ஏந்தித் தெருவோரத்திற் காத்திருக்கும் தாய்மாரைக் கண்ட நாட்டினருக்கு இதன் கனத்தை நான் விளக்க வேண்டியதில்லை. இறந்தவர் எந்தப் படையைச் சேர்ந்தவராயினும், ஒரு பெயர் ஒரு வீட்டுக்கு உரியது.

சாம்பலைச் சாம்பலோடு ஒப்பிடுதல்

அப்படியானால் கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை அறியவே முடியாதா? ஓரளவு முடியும். அதற்கு வழி, நிறம் தெரிந்த ஒன்றை அதே படத்திற் கண்டுபிடிப்பது.

மெஸர்ஷ்மிட் 109 இன் உடலில் எரிபொருள் நிரப்பும் வாயருகே ஒரு சிறிய முக்கோணம் இருக்கும். அதன் நிறம் மஞ்சள், கரை வெள்ளை, உள்ளே 87 போன்ற எரிபொருள் தர இலக்கம். கிழக்குப் போர்முனையில் விமானங்களின் பின்னுடலிற் தீட்டப்பட்ட பட்டையும் மஞ்சள். மத்தியதரைக்கடற் போர்முனையில் அப்பட்டை வெள்ளை. விமானத்தருகே நிற்பவர்களின் சட்டைக் கழுத்துப் பட்டியையும் பார்க்கலாம். லுஃப்ட்வாஃபேயின் பறப்புப் பிரிவினருக்கு அது மஞ்சள். விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவினருக்குச் சிவப்பு. இவை யாவும் கட்டளைகளாலும் எஞ்சிய பொருட்களாலும் நாம் அறிந்த நிறங்கள்.

முக்கோணத்தின் மஞ்சள் படத்தில் எத்தகைய சாம்பலாகத் தெரிகிறது என்று முதலிற் பார்க்க வேண்டும். அது வெள்ளைக் கரையோடு கலந்துவிடுமளவுக்கு வெளிறியிருந்தால் பிலிம் பெரும்பாலும் பான்குரோமற்றிக். கரையிலிருந்து பிரிந்து இருண்டிருந்தால் ஒர்த்தோகுரோமற்றிக். அதன்பின் இலக்கத்தை அந்த மஞ்சளோடும், சிலுவையின் கறுப்போடும் வெள்ளையோடும் ஒப்பிட வேண்டும். சிலுவையின் கறுப்பும் இலக்கமும் பான்குரோமற்றிக் படத்தில் தெளிவாக வேறுபட்டால், இலக்கம் கறுப்பல்ல.

இதிலும் பொறிகள் பல. கமராக் கண்ணாடியின்மேல் மஞ்சள் அல்லது சிவப்பு வடிகட்டி பொருத்தப்பட்டிருந்தால் கணக்கெல்லாம் மாறும். நிழல், புழுதி, எண்ணெய்ப் படிவு, புதிய பூச்சின் பளபளப்பு, படத்தைப் படியெடுத்தவரின் கை என்று ஒவ்வொன்றும் சாம்பலை மாற்றவல்லது. எனவே படம் மட்டும் போதாது. எழுத்துச் சாட்சியும் வேண்டும். பிரித்தானிய விமான அமைச்சின் உளவுப் பிரிவினர் தம் நாட்டில் விழுந்த ஜேர்மன் விமானங்களை நேரிற் சென்று பார்வையிட்டு, இலக்கங்களையும் நிறங்களையும் குறித்துவைத்தனர். விமானிகளின் பறப்புப் பதிவேடுகளும் உண்டு. இரண்டும் ஒத்துப்போகும்போதுதான் ஆய்வாளர் துணிந்து எழுதுகிறார்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 'கறுப்பு 6' என்னும் மெஸர்ஷ்மிட் 109 ஜி. 1942 நவம்பரில், எல் அலமெய்ன் போருக்குப் பின்னர், லிபியாவின் கம்புற் விமானத்தளத்தில் அதைக் கைப்பற்றியது அவுஸ்திரேலிய விமானப்படையின் 3 ஆம் அணி. பின்னர் அது இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பரிசோதனைக்காகப் பறக்கவிடப்பட்டது. போர் முடிந்தபின் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1972 இல் றஸ் ஸ்னடன் என்பவரின் தலைமையில் அதை மீளமைக்கத் தொடங்கியவர்கள், 19 ஆண்டுகள் உழைத்து, 1991 இல் மீண்டும் பறக்க வைத்தனர். 1997 இல் விபத்துக்குள்ளான பின் அது பறக்கவில்லை. பிரித்தானிய விமானப்படை அருங்காட்சியகத்திற்குச் சென்றது. அந்த விமானம் 77 ஆம் கெஷ்வாடரின் 8 ஆம் ஸ்டாஃபலுக்குரியது. விதிப்படி அதன் இலக்கம் சிவப்பாக இருக்க வேண்டும். ஆனால் அது கறுப்பு. விதியை மட்டும் நம்பியிருந்தால், கைக்கெட்டிய ஒரு விமானத்துக்கே பிழையான நிறத்தைத் தீட்டியிருப்பார்கள்.

எதிர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 1945 இல் மியூனிக் பகுதியில் ஜெற் விமானங்கள் ஏறி இறங்கும்போது அவற்றுக்குக் காவலாகப் பறந்த சில ஃபோக்கவுல்ஃப் 190 டி விமானங்களின் வயிற்றுப்புறம் முழுவதும் சிவப்புத் தீட்டி, வெள்ளைக் கோடுகள் இடப்பட்டிருந்தன. தம் பக்கத்துப் பீரங்கிப் படையினரே சுட்டுவிடாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. அவற்றை ஒர்த்தோகுரோமற்றிக் பிலிமிற் பிடித்தால் கறுப்பு வெள்ளைக் கோடுகளே தெரியும். 1944 ஜூனில் நேச நாட்டு விமானங்கள் நோர்மண்டித் தரையிறக்கத்துக்காகத் தீட்டிக்கொண்ட கறுப்பு வெள்ளைக் கோடுகளை அது நினைவூட்டும். பகைவனின் அடையாளமும் காவலனின் அடையாளமும் ஒரு பிலிமிற் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன.

நிறப்படங்களும் நிறமூட்டும் கணினியும்

அக்காலத்தில் நிறப்படங்கள் இருக்கவில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். இருந்தன. கொடக்குரோம் 1935 இலும் அக்ஃபாகலர் நொய் 1936 இலும் சந்தைக்கு வந்தன. ஜேர்மன் பிரசார சஞ்சிகையான சிக்னல் நிறப்பக்கங்களை வெளியிட்டது. ஆனால் நிறச்சுருள் அரிது. பழைய அக்ஃபாகலர் படங்களின் சாயம் காலத்தால் திரிந்துள்ளது. சஞ்சிகைப் பக்கத்திலோ அச்சு மையும் ஒப்பனைத் தூரிகையும் குறுக்கிடுகின்றன. 1945 இல் ஜேர்மனிக்குள் நுழைந்த அமெரிக்க வீரர்கள் கொடக்குரோமிற் பிடித்த சிதைந்த விமானங்களின் படங்களே ஒப்பீட்டளவில் நம்பத்தக்கவை.

2008 டிசம்பரில் ஜேர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகம் ஏறத்தாழ ஒரு இலட்சம் பழைய படங்களை விக்கிமீடியா பொதுவகத்துக்கு வழங்கியது. போர்க்காலப் பிரசார அணியினர் பிடித்த படங்கள் பலவும் அவற்றுள் உள்ளன. முன்பு ஆய்வாளர் சிலரே கண்ட படங்களை இன்று எவரும் வீட்டிலிருந்து பார்க்கலாம். நல்லதுதான். ஆனால் கூடவே நிறமூட்டும் மென்பொருட்களும் வந்துவிட்டன. ஒரே சாம்பல் நிறத்தின் பின்னால் பல நிறங்கள் ஒளிந்திருக்கலாம். கணினி அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்துத் தீட்டுகிறது. தனக்குத் தெரியாது என்று அது சொல்வதில்லை. தீட்டிய படத்தைப் பார்ப்பவர் அதைச் சாட்சியென்று நம்புகிறார். அன்று நள்ளிரவில் நான் எழுதிய படவிளக்கத்தையும் ஆயிரக்கணக்கானோர் அப்படித்தான் நம்பினார்கள்.

அந்த ஏழு

பேரனின் படத்தை மீண்டும் பெரிதாக வருடி அனுப்பச் சொன்னேன். உருப்பெருக்கிப் பார்த்தோம். எரிபொருள் முக்கோணம் தெரிந்தது. அதன் வெள்ளைக் கரைக்குள் மஞ்சள் நன்றாக இருண்டிருந்தது. வயிற்றுப்புறத்து வெளிர்நீலம் வெள்ளையாகவே தெரிந்தது. எனவே பிலிம் ஒர்த்தோகுரோமற்றிக் என்று கொள்ளலாம். இலக்கம் முக்கோணத்தின் மஞ்சளைவிட இருண்டது; ஆகவே மஞ்சளல்ல. வெள்ளையல்ல என்பது வெளிப்படை. நீலமாயின் இவ்வளவு கருமை கொள்ளாது. சிலுவைக்குப் பின்னால் கிடைக்கோடு உண்டு. ஆகவே இரண்டாம் குறுப்பே. விதிப்படி 5 ஆம் ஸ்டாஃபலாயிருக்கலாம். 1944 இன் மறுசீரமைப்புக்குப் பிந்திய படமாயின் 6 ஆம் ஸ்டாஃபலாகவும் இருக்கலாம். எந்தக் கெஷ்வாடர் என்பது தெரியவில்லை. அதைச் சுருக்கிக் காட்டக்கூடியது நிறம் ஒன்றுதான். அந்த நிறத்தை இந்தப் பிலிம் பார்க்கவேயில்லை.

"அப்ப கணினி சொன்னது பிழையோ, அம்மப்பா?" என்றான்.

"பிழையெண்டும் சொல்லேலாது, சரியெண்டும் சொல்லேலாது. அதுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. ஆனால் எங்களுக்குத் தெரியாதெண்டது எங்களுக்குத் தெரியும்" என்றேன்.

கணினி தீட்டிய செந்நிறப் படத்தை அழித்துவிடச் சொன்னேன். மூலப்படத்தின் பின்புறத்தில் எதுவும் எழுதாமல், தனித்தாளொன்றில், எங்கே எப்போது வாங்கியது என்பதையும், '7, சிவப்பு அல்லது கறுப்பு, இரண்டாம் குறுப்பே' என்பதையும் எழுதிப் படத்தோடு வைக்கச் சொன்னேன். இதே விமானத்தை வேறொரு கோணத்தில், வேறொரு சுருளில் பிடித்த இன்னொரு படம் யாரோ ஒருவரின் வீட்டு அலுமாரியில் இருக்கக்கூடும். அது வெளிவரும் நாளில் நம் படமும் அதற்குத் துணை நிற்கும். நாம் இன்று பொய்யாக நிறம் தீட்டிவிட்டால், அந்த நாளில் அது தடையாக நிற்கும்.

எழுதி வைத்துவிட்டதாக மறுவாரம் சொன்னான். அந்த விமானத்தில் வந்தவர் உயிர் தப்பியிருப்பாரா என்றும் கேட்டான். விமானியின் இருக்கையை மூடும் கண்ணாடிக் கூண்டு படத்தில் திறந்தே கிடக்கிறது. அதைத் திறந்தவர் அவரா, மற்றவர்களா என்பதைப் படம் சொல்லவில்லை.